போத்தல் வந்த வழி

நான் வேலை பார்த்த ஆய்வுகூடத்தில் என்னைப் பற்றி ஒரு கதை உலவுவதாக அறிகிறேன். ஏரிச் சேற்றை உள்ளங்கையில் வைத்து முகர்ந்து பார்த்தே அதில் எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறதென்று வசந்தி மிஸ் சொல்லிவிடுவாராம். இப்போது என் பழைய இருக்கையில் அமர்ந்து பணிபுரியும் தர்ஷினி, சென்ற மாதம் தொலைபேசியில் பேசும்போது சற்றுத் தயங்கி இதைக் கேட்டாள்.

"மிஸ், அது உண்மையா? ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க."

உண்மையல்ல. செம்புக்கு வாசனை கிடையாது. ஏரியின் அடிச்சேற்றிலிருந்து எழுவது அழுகிய முட்டையின் நாற்றம். அதை அறிய மூக்கு இருந்தால் போதும், பட்டம் வேண்டியதில்லை. ராகலைப் பக்கம் ஒரு தோட்டத்து ஏரியைத் தூர்வாரப் போகிறார்கள் என்றும், வட்டவளையில் நாங்கள் செய்த வேலையைப் பற்றி எழுதித் தர முடியுமா என்றும் தர்ஷினி கேட்டாள். ஓய்வு பெற்றவளுக்கு நேரம் இருக்கிறது. முகர்ந்து பார்த்த கதையைத் திருத்தவும் இது ஒரு வாய்ப்பு.

ஹட்டன் கடைவீதியில் அப்பாவுக்கு ஒரு கடை இருந்தது. முன்பக்கம் மளிகை, பின்பக்கம் பாத்திரம், மேல்மாடியில் நாங்கள். அரிசி மூட்டைகளின் மீது அமர்ந்து கைக்குக் கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்து வளர்ந்தேன். பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்துவிட்டு நுவரெலியாவிலிருந்த நீர் ஆய்வுகூடத்தில் சேர்ந்தேன். ஹட்டனிலிருந்து ரயில், நானுஓயாவில் இறங்கி வேன். பணிக்காலம் முழுவதும் அதே பயணம்தான். முதல் சில ஆண்டுகள் நான் போத்தல் கழுவினேன் என்று சொன்னால் மிகையாகாது. மாதிரி எடுக்கும் ஒவ்வொரு போத்தலையும் நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் திரும்பத் திரும்ப அலசி, தூசு படாமல் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். அளக்கப்போவது கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகம். விரல் நுனியில் ஒட்டிய அழுக்கும் கணக்கில் வந்துவிடும்.

எங்கள் தலைமை இரசாயனவியலாளர் ரணவீர சேர். மெலிந்த உடல், முழங்கையில் ஒட்டுப்போட்ட சாம்பல் நிறக் கம்பளிச்சட்டை. அவர் யாரிடமும் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு முடிவைத் தாளில் எழுதி அவர் மேசையில் வைத்தால், அதிலிருக்கும் எண்ணைப் பார்க்கமாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்பார்: "போத்தல் எப்படி வந்தது?"

சிங்களத்தில் கேட்பார், நான் தமிழில் எழுதுகிறேன். யார் நிரப்பியது, எங்கிருந்து, எதைக்கொண்டு, மூடியை எங்கே வைத்தார்கள், ரயிலில் எதன் பக்கத்தில் இருந்தது என்று போத்தல் நடந்து வந்த வழியில் அவரும் பின்னோக்கி நடப்பார். எங்காவது ஓரிடத்தில் நமக்குப் பதில் தெரியாமல் போனால் கோபிக்கமாட்டார், திட்டமாட்டார். தாளை மேசைமீது கவிழ்த்து வைத்துவிடுவார். அவ்வளவுதான். அந்தத் தாளை மறுபடி நிமிர்த்த வேண்டுமானால் நாம் மறுபடி ஏரிக்குப் போகவேண்டும்.

இனி வட்டவளை.

வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் நீளவாட்டில் ஓர் ஏரி. சுற்றிலும் தேயிலைச் சரிவுகள். மழை கொண்டுவந்த மண் தலைமுறைக் கணக்காகச் சேர்ந்து ஏரி பாதிக்கு மேல் தூர்ந்துவிட்டது. அதிலிருந்து தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களுக்குப் போகும் குழாயின் வாய் சேற்றில் புதைந்து, வாரத்தில் பல நாள் தண்ணீர் வராது. பெண்கள் கொழுந்து பறித்துவிட்டு வந்து, சரிவில் வெகுதூரம் இறங்கி, ஊற்றுநீர் விழும் பீலியில் தண்ணீர் பிடித்துச் சுமந்து ஏறுவார்கள். அங்கே மாதர் சங்கத் தலைவியாக இருந்தவர் பழனியம்மா. அவரும் கொழுந்து பறிப்பவர்தான். தோட்டத்து அலுவலகம், பிரதேச சபை என்று அலைந்து, ஏரியைத் தூர்வார மிதவை இயந்திரம் ஒன்றை வரவழைத்தவர் அவரே.

இயந்திரம் வருவதற்கு முன்பே நாங்கள் போய்விட்டோம். காரணம் இதுதான். தேயிலையைக் கொப்புள நோயிலிருந்து காக்க அந்தச் சரிவுகளில் நெடுங்காலம் செம்பு கலந்த மருந்து தெளித்திருக்கிறார்கள். மழையோடு இறங்கிய செம்பு ஏரியின் அடியில் படிந்திருக்கும். காற்றுப் புகாத கரிய சேற்றில் அது கட்டுண்டு கிடக்கும்வரை மேலிருக்கும் தண்ணீருக்குத் தொல்லையில்லை. தூர்வாரும்போது சேறு கலங்கும், காற்றுப்படும், கட்டு தளரும். தளர்ந்ததில் எவ்வளவு தண்ணீரில் கரைகிறது, எவ்வளவு மீண்டும் மண்துகளோடு ஒட்டி அடியில் படிகிறது என்பதுதான் கேள்வி. இதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. அளந்துதான் பார்க்கவேண்டும்.

ஆகவே ஒவ்வோர் இடத்திலும் இரண்டு போத்தல். ஒன்றில் தண்ணீரை அப்படியே எடுப்போம். மற்றொன்றை அந்த இடத்திலேயே, படகில் இருந்தபடியே, கைப்பம்பால் நுண்துளை வடிகட்டியில் செலுத்தி எடுப்போம். வடித்ததில் கரைந்த உலோகம் மட்டும் இருக்கும். வடிக்காததில் கலங்கலின் உலோகமும் சேர்ந்திருக்கும். அலுவலகத்துக்குக் கொண்டுவந்து வடிக்கலாமே என்று சோம்பல்படக் கூடாது. வழியில் தண்ணீரிலுள்ள இரும்பு துருவாகத் திரண்டு, கரைந்திருந்த செம்பையும் இழுத்துக்கொண்டு போத்தலின் அடியில் படிந்துவிடும். அப்புறம் வடித்தால் ஏரி உத்தமமான ஏரியாகத் தெரியும்.

நான் படகில் குந்தியிருந்து பம்பை அடித்துக்கொண்டிருக்க, களப் பணியாளர் கீர்த்தி இரும்புக் கவ்வியை இறக்கிச் சேறு எடுப்பார். கரையில் கொழுந்துக்கூடைகளோடு பெண்கள் நின்று பார்ப்பார்கள்.

"சேத்துல என்னாங்க மிஸ் தேடுறீங்க, தங்கமா?" என்றார் பழனியம்மா.

"கெடைச்சா சொல்றேங்க்கா."

"எங்ககிட்ட மொதல்ல சொல்லுங்க. தொரைக்கு அப்பறமா சொல்லலாம்."

எதிர்பார்த்தபடியே சேற்றில் செம்பு இருந்தது; நிறையவே இருந்தது. தண்ணீரில் இல்லை. இயந்திரம் இறங்கியது. அதைச் சுற்றி மிதவைகளிலிருந்து துணித்திரை தொங்கவிட்டுக் கலங்கலை அடக்கினார்கள். திரைக்கு உள்ளே வடிக்காத போத்தலில் செம்பு ஏறியது, வடித்ததில் அசையவில்லை. திரைக்கு வெளியே இரண்டிலும் அமைதி. கரைந்த மங்கனீசு மட்டும் ஏரி முழுவதும் சற்றுக் கூடியிருந்தது. அடிச்சேறு கலங்கினால் அது சாதாரணம். குழாயின் வாய் திறந்ததும் லயங்களுக்குத் தண்ணீர் பாய்ந்தது. குழாயடியில் பிள்ளைகள் குதித்ததாகக் கீர்த்தி வந்து சொன்னார்.

ஏரியை அளந்தாயிற்று, குடிக்கிறவர்களின் வீட்டையும் அளந்துவிடுவோம் என்று ரணவீர சேர் சொன்னார். நான் வேறொரு வேலையில் இருந்ததால் கீர்த்தி தனியாகப் போய், மேட்டு லயத்தில் வீட்டுக்கு வீடு குடிநீர் எடுத்துவந்தார்.

அந்தப் போத்தல்களை, உலோகத்தை அளக்கும் சுவாலை இயந்திரத்தில் ஒன்றுக்கு இரண்டு முறை ஓட்டினேன். செம்பு அனுமதித்த அளவுக்கு வெகு மேலே. ஒரு வீட்டில் அல்ல, ஏறக்குறைய எல்லா வீடுகளிலும். வடித்தாலும் குறையவில்லை, ஆகவே கரைந்த செம்பு. நான் தாளை மேசையில் வைத்தேன். ரணவீர சேர் கண்ணாடியைத் துடைத்தார்.

"போத்தல் எப்படி வந்தது?"

கீர்த்தி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். அமிலத்தில் கழுவிய போத்தல்கள். அவரே கையுறை அணிந்து நிரப்பினார். வீட்டிலேயே வடித்தார். ஐஸ் போட்ட ரெஜிபோம் நுரைப்பெட்டியில் கொண்டுவந்தார். எங்கும் ஓட்டையில்லை. தாள் கவிழவில்லை.

தோட்டத்துக்குச் செய்தி போனது. தோட்டத்து மேலாளரான துரை உடனே இயந்திரத்தை நிறுத்தினார், குழாயையும் மூடினார். பெண்கள் மறுபடி பீலிக்கு இறங்கினார்கள். இயந்திரத்தின் சொந்தக்காரர், மாதக் கடைசிக்குள் முடிவு தெரியாவிட்டால் வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடுவேன் என்றார். போனால் அது திரும்பி வரப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பழனியம்மா ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, ரயிலேறி, எங்கள் அலுவலக வாசலுக்கே வந்துவிட்டார்.

"தண்ணி கேட்டது நாங்க. வந்துச்சு. இப்ப வெசம்ங்கிறீங்க. லயத்துல எல்லாரும் என்னையத்தான் ஏசுறாங்க மிஸ், நீதான மெசினக் கூட்டியாந்தன்னு. யாரு வயித்துக்கு என்னா வந்தாலும் எம்பேருதான் உருளுது."

"யாருக்காவது வயித்துக்கு முடியலயா?"

"இதுவரைக்கும் இல்ல. ஆனா வெசம்னு கேட்டப்பறம் எல்லாருக்கும் லேசா வலிக்குது." அவர் சிரிக்கவில்லை. "நெசமா சொல்லுங்க. அந்தத் தண்ணியக் குடிக்கலாமா, கூடாதா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். தேநீர் வாங்கிக் கொடுத்து, அவரை வேன் ஏற்றிவிட்டு வந்து, முடிவுகளை மறுபடி விரித்தேன்.

மூன்று விடயங்கள் ஒத்துப்போகவில்லை. ஏரியில் கரைந்த செம்பு இல்லை; அதே ஏரியின் குழாய்நீரில் எப்படி வந்தது? இரண்டாவது, வீட்டுத் தண்ணீரில் செம்போடு துத்தநாகமும் கூடியிருந்தது. ஏரிச் சேற்றிலோ துத்தநாகம் மிகக் குறைவு. மூன்றாவது, ஒரு வீட்டில் மட்டும் இரண்டுமே இல்லை. அதே லயம், அதே குழாய். முத்துக்கருப்பன் என்பவரின் வீடு. மங்கனீசு மட்டும் அவர் வீட்டிலும் மற்ற வீடுகளிலும் ஒரே அளவு. ஏரியிலிருந்து வந்தது எல்லோருக்கும் சமமாக வந்திருக்கிறது. செம்பு அப்படி வரவில்லை. ஆகவே அது ஏரிக்கும் போத்தலுக்கும் நடுவே எங்கோ சேர்ந்திருக்கிறது.

சேர் பொறுமையாகக் கேட்டார். "நீ நினைப்பது எனக்குப் போதாது, வசந்தி. மாதம் முடிவதற்குள் நான் கையெழுத்திட்டாக வேண்டும். போய்ப் பார். வெறுங்கையோடு வராதே."

கீர்த்தியும் நானும் மேட்டு லயத்துக்குப் போனோம். வேலை பிரித்துக்கொடுக்கும் காலைப் பெரட்டு கலைந்து எல்லோரும் மலைக்குப் போய்விட்டிருந்தார்கள். பழனியம்மாவும் இன்னும் சிலரும் எங்களுக்காக அரைநாள் நின்றிருந்தார்கள். முதலில் குழாயைப் பார்த்தேன். கறுப்பு பிளாஸ்டிக் குழாய். எங்கும் உலோகம் இல்லை. வீட்டுக்குள் பார்த்தேன். தண்ணீர் பிளாஸ்டிக் வாளிகளிலும் அலுமினியப் பானைகளிலும் இருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அக்கா, அன்னைக்குக் கீர்த்திக்கு எப்படித் தண்ணி குடுத்தீங்களோ, அப்படியே எனக்கும் குடுங்க. ஒண்ணும் மாத்தாம."

பழனியம்மா தயங்கினார். "அப்படியேன்னா இப்ப முடியாதே மிஸ். மொத நாளே சொல்லியிருக்கணும்."

"ஏன்?"

"வெளக்கணுமே."

எதைத் துலக்க வேண்டும் என்று நான் கேட்க வாயெடுத்தேன். அவர் உள்ளே போய், சாமி மாடத்திலிருந்து சிறிய பித்தளைக் குடம் ஒன்றை எடுத்துவந்தார். கல்யாணத்துக்கு அவர் தாய்வீட்டில் கொடுத்தது. பழுப்பேறி இருந்தது. "நல்லா இருக்கிறப்ப பாருங்க, மொகம் தெரியும்," என்றார் சற்று வெட்கத்தோடு.

ஆய்வுகூடத்திலிருந்து ஆள் வருவது முதல் நாளே மாதர் சங்கத்தில் அறிவிக்கப்பட்டிருந்தது. அன்று மாலை லயம் முழுவதும் பித்தளைக் குடங்கள் வெளியே வந்திருக்கின்றன. புளி போட்டுத் தேய்த்து, சாம்பலால் துலக்கி, பொன்போல மினுங்கச் செய்து, தண்ணீர் நிறைத்து, தட்டால் மூடிவைத்திருக்கிறார்கள். மறுநாள் முற்பகல் கீர்த்தி வரும்வரை தண்ணீர் அதிலேயே நின்றிருக்கிறது.

"ஆபீஸ்லயிருந்து வர்றவங்களுக்கு வாளியில மோந்தா குடுப்பாங்க?" என்றார் பக்கத்து வீட்டுக்காரி.

"நீங்க குடிக்கிறது?"

"நாங்க வாளியிலதான் குடிக்கிறோம். கொடம் சாமிக்கும் விருந்தாளிக்கும்."

கீர்த்தி நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "குடிக்கிற தண்ணி தாங்கன்னுதான் நான் கேட்டேன் மிஸ். பளபளன்னு கொண்டுவந்தாங்க. எவ்வளவு சுத்தமா வெச்சிருக்காங்கன்னு சந்தோஷமா ஊத்திக்கிட்டேன்."

"முத்துக்கருப்பண்ணன் வீட்டுல?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அந்தாளு ஒண்டிக்கட்டை மிஸ். கொடமும் இல்ல, வெளக்க ஆளும் இல்ல. வாளியோட தூக்கியாந்து நீட்டியிருப்பாரு."

"எனக்கு இருக்கிறது அதுதான்," என்றார் வாசலோரம் நின்ற முத்துக்கருப்பன். "அதுக்கு அன்னைக்கு என்னா பேச்சுப் பேசுனாளுக, மானத்தை வாங்கிட்டேன்னு."

அப்பாவின் கடைப் பின்கட்டில் தொங்கிய பித்தளைப் பாத்திரங்கள் என் நினைவுக்கு வந்தன. உட்புறம் ஈயம் பூசாத பித்தளையில் புளி படக்கூடாது என்று வாங்குபவர்களிடம் அவர் சொல்லாத நாளில்லை. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. புளி மேல்படலத்தை அகற்றி உலோகத்தை அம்மணமாக்கிவிடுகிறது. அலசலில் தப்பிய புளிப்பும், எங்கள் மலைத்தண்ணீரின் இயல்பான மென்மையும், இரவு முழுவதும் கிடைத்த அவகாசமும் மீதியைச் செய்திருக்கும். ஆனால் இதுவும் நான் நினைப்பதுதான். சேருக்குப் போதாது.

"அக்கா, இந்தக் கொடத்த எனக்குக் கொஞ்ச நாளைக்குத் தருவீங்களா?"

அவர் குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். பிறகு ஒரு பழைய சேலைத்துண்டில் சுற்றி என்னிடம் நீட்டினார். "நசுங்காம கொண்டாந்துருங்க."

ஏரித்தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் கொள்கலனில் நிரப்பிக்கொண்டு, குடத்தை மடியில் வைத்தபடி ரயிலில் திரும்பினேன். எதிரே இருந்த அம்மாள் சேலைத்துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு, "யாருக்குங்க கல்யாணம்?" என்று கேட்டார். ஏரிக்கு என்று சொல்ல நாவரை வந்தது; அடக்கிக்கொண்டேன்.

ஆய்வுகூடத்துக் கழுவுதொட்டியில் புளியும் சாம்பலும் போட்டு அந்தக் குடத்தை நானே விளக்கினேன். அதே ஏரித்தண்ணீரைக் குடத்தில் பாதியும் கொள்கலனில் பாதியுமாக விட்டுவிட்டுப் போனோம். காலையில் இரண்டையும் வடித்து ஓட்டினேன். கொள்கலனில் ஒன்றுமில்லை. குடத்தில் செம்பும் துத்தநாகமும், மேட்டு லயத்தின் போத்தல்களில் இருந்த அதே விகிதத்தில்.

ரணவீர சேர் குடத்தைக் கையிலெடுத்து, அதில் தெரிந்த தம் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். "யாருடையது?" சொன்னேன். "பத்திரமாகத் திருப்பிக் கொடு," என்றார். பிறகு வீட்டுத் தண்ணீரின் முடிவுத் தாளை எடுத்து, மேசைமீது மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்.

குடத்தோடு கதை முடிந்துவிட்டது என்று தோன்றும். முடியவில்லை. அவர் அடுத்த தாளை எடுத்தார், அது சேற்றினுடையது. "இதற்கு எந்தக் குடமும் இல்லை," என்றார்.

அதுவே கடினமான பகுதி. ஏரியிலிருந்து உறிஞ்சிய சேறு கரையில் குழிகளில் வடிந்துகொண்டிருந்தது. லயத்து மக்கள் அதைத் தங்கள் மரக்கறிப் பாத்திகளுக்கு எடுத்துப்போக ஏற்கெனவே இடம்பிடித்து வைத்திருந்தார்கள். கறுத்த மண், கொழுத்த மண். யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அந்தச் சேறு காயக்காயக் காற்றுப்பட்டு அமிலமேறிப் புளிக்கும். அடியில் கட்டுண்டு கிடந்த செம்பு அப்போதுதான் அவிழும். மழையோடு ஓடைக்கும் போகும், வேருக்கும் போகும். தண்ணீரைப் பற்றி நல்ல செய்தி சொல்லப் போன அதே நாளில் இதையும் சொல்லவேண்டியிருந்தது. சேர் என்னைத் தனியாக அனுப்பவில்லை, தாமே வந்தார். தம் உடைந்த தமிழில், குழாயடியில் நின்று பேசினார்.

"தண்ணி நல்லம். குடிங்க. மண் வேணாம். லீக்ஸுக்கு வேணாம், கரட்டுக்கு வேணாம்."

"தண்ணியில செம்பு இல்லைங்கிறீங்க, மண்ணுல இருக்குங்கிறீங்க," என்றார் பழனியம்மா. "ரெண்டும் ஒரே ஏரிதானுங்க சேர்."

சேர் என்னைப் பார்த்தார். நான் அடிச்சேற்றை நிரப்பிய கண்ணாடிக் குவளை ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். மூடியிருந்தவரை அது கரியாக இருந்தது. திறந்து, குச்சியால் கிளறி, எல்லோரும் பார்க்கும்படி கல்லின் மேல் வைத்தேன். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே மேற்பரப்பு மெல்லத் துருநிறம் கொண்டது. காற்றுப்பட்டால் சேறு மாறிவிடுகிறது என்பதை அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்லமாட்டேன். ஓரிருவர் முணுமுணுத்தார்கள். எங்கள் கண்ணில் படாமல் சில மூட்டைகள் போயிருக்கவும் கூடும். ஆனால் குழிகளுக்கு வரம்பு கட்டி, சுண்ணாம்பு கலந்து, மேலே நல்ல மண் மூடி மானாப்புல் நட்டபோது, அந்த வேலைக்கு முதலில் மண்வெட்டியோடு வந்தவர் முத்துக்கருப்பன்.

குழாயின் வாய்க்கு அருகே இயந்திரம் வேலை செய்த நாட்களில் குழாயை மூடி, டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். மற்ற நாட்களில் குழாய் ஓடியது. தூர்வாரி முடிந்தபின் மங்கனீசும் படிப்படியாக இறங்கியது. நான் குடத்தைத் துலக்கி, அதே சேலைத்துண்டில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பழனியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எங்களவிட நல்லா வெளக்கியிருக்கீங்க," என்றார். எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதைத்தான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு எங்கள் களப் பணியாளர்கள் வீடுகளுக்குப் போகும்போது, குழாயிலிருந்து நேராக ஒரு போத்தல், அன்றாடம் குடிக்கும் பாத்திரத்திலிருந்து ஒரு போத்தல் என்று எடுக்கலானார்கள். முன்னறிவிப்பும் நின்றது.

ரணவீர சேர் இப்போது இல்லை. அவர் ஓய்வு பெற்றபின் அவருடைய இடத்துக்கு வந்து அவருடைய அறையில் நான் அமர்ந்தேன். எண்ணைப் பார்க்குமுன் வழியைக் கேட்கும் பழக்கமும் என்னோடு வந்தது. தர்ஷினிக்கும் அது வந்திருப்பதைத் தொலைபேசியில் அவள் கேட்ட கேள்விகளிலிருந்து அறிந்தேன், மகிழ்ந்தேன்.

இதை எழுதத் தொடங்குமுன் ஒரு முறை மேட்டு லயத்துக்குப் போய்வரத் தோன்றியது. ஏரி தெளிந்து கிடந்தது. புல் முளைத்த குழிகளின் மேல் யாரோ துணி உலர்த்தியிருந்தார்கள். பழனியம்மாவும் வேலையிலிருந்து நின்றுவிட்டார். என்னைக் கண்டதும் உள்ளே போய், ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து மரியாதையாக நீட்டினார்.

"என்னங்க்கா, விருந்தாளிக்குக் கொடம் இல்லையா?"

"ஐயோ, கொடத்துல குடுத்தா நீங்க மறுபடி கொழாய மூடிருவீங்க," என்றார் முகத்தில் அசைவே இல்லாமல்.

வாசலில் குழாய் திறந்திருந்தது. நான் கோப்பையைக் காலி செய்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டேன்.